ஒன்பதாயிரத்து அறுநூற்றில் பாதி

உண்மையின் விலை நானூற்றைம்பது ரூபாய். வரி தனி. ரசீது வேண்டாமென்றால் நானூறு.

முனிவர்கள் பட்டினி கிடந்து, தாடி வளர்த்து, காடு காடாகத் தேடிய சரக்கு இன்று பாளையங்கோட்டைக் கடைகளில் வெளிர்நீலச் சப்பை ஒயராகப் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. ஒரு முனையை மடிக்கணினியில் செருக வேண்டும். மறுமுனையை வலைப்பின்னல் பெட்டியின் பின்புறம் 'கன்சோல்' என்று எழுதிய ஓட்டையில் செருக வேண்டும். பெட்டி தன் மனதில் உள்ளதை எழுத்தெழுத்தாக ஒப்பித்துவிடும். தாட்சண்யம் பார்க்காது. யார் தலைவர், யார் தலைவருக்கு வேண்டியவர் என்று விசாரிக்காது. இத்தனை அபாயகரமான பொருளை உரிமம் இல்லாமல் விற்க அரசு எப்படி விட்டு வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் மேல ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். கூடவே, தாமிரபரணி வணிகர் நாணயச் சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவன். நாணயம் என்ற சொல் பெயரிலேயே இருப்பதால் அதை வேறெங்கும் தனியாக வைக்க வேண்டிய அவசியம் எங்கள் சங்கத்துக்கு நேர்ந்ததில்லை. மக்கள் நகையைக் கொண்டுவந்து அடகு வைப்பார்கள். நாங்கள் கடன் கொடுப்போம். ஆனித் தேர் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வட்டி கட்டியாக வேண்டும். கட்டாதவர் நகை மறுநாள் காலை ஏலம் போகும்.

ஏலத்துக்கு ஊரே அழைக்கப்படுகிறது. ஆனால், வருவது ஒரே ஒருவர். அவர் எங்கள் செயலாளர் கணேஷ்ராமின் மைத்துனர், நகைக்கடை வைத்திருக்கிறார். அவரே கேட்டு, அவரே விட்டுக்கொடுக்காமல் நின்று, அவரே எடுத்துக்கொள்வார். போட்டி, பொறாமை, கைகலப்பு எதுவும் இல்லாமல் நடக்கும் ஏலம் நானறிந்தவரை எங்களுடையது ஒன்றுதான்.

இப்பேர்ப்பட்ட சங்கத்தில், தேர் நிலைக்கு வந்த பின் வந்த திங்கட்கிழமை காலை, எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் ஊமையாயின. பின்னறைச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. கவுண்டர்களிலிருந்து வரும் ஒயர்கள் அத்தனையும் அதில்தான் வந்து சேரும். அதன் பச்சை விளக்குகள் அணைந்திருந்தன. செயலாளர் உடனடியாக நடவடிக்கை எடுத்தார். அதாவது, வாசலில் பலகை மாட்டினார்: 'சிஸ்டம் டவுன். பணம் பெற்றுக்கொள்ள இயலாது. வட்டி வழக்கம்போல் ஏறும்.'

இயக்குநர்கள் கூடிக் காரணத்தை ஆராய்ந்தோம். ஒருவர் மின்னல் என்றார். ஒருவர் எலி என்றார். மூத்த இயக்குநர் அருணாசலம், கொற்கைக் கடலுக்கடியில் போகும் கேபிள் அறுந்திருக்கும் என்றார். கொற்கையை விட்டுக் கடல் விலகிப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன என்ற தகவல் அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் நெட்வொர்க் அப்போதே மெதுவாகத்தான் இருந்திருக்கிறது.

இதற்கிடையில் மேலப்பாளையத்திலிருந்து ஜுபைதா பீவி தினமும் வந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் சந்தையில் ஆட்டு வியாபாரி. இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும் எங்களிடம் அடகில் இருந்தன. மகள் ஹம்னாவுக்கு அடுத்த ஞாயிறு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டில் பேசி வைத்த நகை அதுதான். வட்டியும் முதலும் மஞ்சள் பையில் தயாராக இருந்தன. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

"ரொக்கமா வச்சிருக்கேன் தம்பி. வாங்கிட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. போதும்" என்று அவர் செயலாளரிடம் கேட்டார்.

"கையெழுத்து ரசீதை நிறுத்தியாச்சும்மா. இப்ப எல்லாம் டிஜிட்டல்."

"அப்ப சனிக்கிழமை ஏலம்?"

"அது டிஜிட்டல் இல்ல. அது வாயால கேக்கிறது."

நிர்வாகத் தெளிவு என்பது இதுதான். எது இயந்திரத்தால் நிற்க வேண்டும், எது இயந்திரம் இல்லாமலும் நடக்க வேண்டும் என்று பிரித்தறியும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

எங்கள் தலைவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி சும்மா இருப்பவர் அல்லர். பருப்பு மண்டி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை தம் சொந்தச் செலவில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டார். பெட்டியின் பெயரைக் கேட்டுக்கொண்ட அந்த ஆள், "கன்சோல்ல ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து இருநூறு வச்சுப் பாருங்க சார்" என்றானாம். அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஜுபைதா பீவி சங்கத்துக்கு வரவில்லை. நேரே அண்ணாச்சியின் மண்டிக்குப் போய்விட்டார். கடை நிறைய வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, "அண்ணாச்சி, எங்க காப்பு உங்க பருப்பு மூட்டைக்குள்ளயா கிடக்கு? தேடி எடுத்துக்கிடட்டா?" என்று சத்தமாகக் கேட்டார். மூட்டையைப் பற்றிய பேச்சு பரவினால் பருப்பின் பெயர் கெடும். மதியம் இரண்டரை மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. அந்தப் பெட்டியை முதலில் மாட்டிக் கொடுத்த டார்லினும் வரவழைக்கப்பட்டாள்.

டார்லின் பாளையங்கோட்டையில் கணினி சர்வீஸ் கடை நடத்துகிறாள். தலைக்கவசத்தைத் தலைவரின் மேஜை மேலேயே வைத்தாள். நீல ஒயரை எடுத்தாள்.

"என்னம்மா செய்யப் போற?" என்றார் அண்ணாச்சி.

"சீரியல்ல பாக்கணும் அண்ணாச்சி."

"ஆபீஸ் நேரத்துலயா?"

"அந்தச் சீரியல் இல்ல. இதுல ஒவ்வொரு எழுத்தா வரிசையா வரும்."

"அதுவும் அப்படித்தான் வருது. எங்க வீட்ல ஒரு தாலிகட்டு முடிய மூணு மாசமாச்சு."

டார்லின் மடிக்கணினியைத் திறந்தாள். கறுப்புத் திரை. படமில்லை, பொத்தானில்லை. அண்ணாச்சி சந்தேகமாகப் பார்த்தார்.

"இது லினக்ஸ்" என்றாள் டார்லின்.

"என்ன விலைக்கு வாங்கின?"

"விலையே இல்ல. சும்மாக் கிடைக்கும்."

அண்ணாச்சி நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இனாமாக் குடுக்கவன் எடையில எடுத்துருவான். பாத்து நடந்துக்கோ."

டார்லின் எதையோ முணுமுணுத்தபடி தட்டச்சு செய்தாள். "டி...டி...ஒய்... யூ.எஸ்.பி... ஜீரோ." லினக்ஸில் அந்த ஒயருக்கு அதுதான் பெயர். அண்ணாச்சி எதிர்த்த கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எவம்லே அங்கன? பிள்ள 'டீ, டீ, ஓய்'னு கேக்கால்லா? ஆறு டீ கொண்டா." டீ வந்தது. இந்த நிகழ்ச்சியில் காலதாமதமின்றி வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

திரையில் ஒரு வரி தோன்றியது: 'அனுமதி மறுக்கப்பட்டது.'

செயலாளர் கணேஷ்ராமின் முகம் மலர்ந்தது. "பாத்தீயளா? நான் சொன்னா கேக்கல. அதுவே சொல்லுது."

"சொல்லுதது என் லேப்டாப்பு" என்றாள் டார்லின். "நேத்துதான் புதுசா லினக்ஸ் போட்டேன். ஒயரைத் தொடுறவங்க ஒரு குழுவுல உறுப்பினரா இருக்கணும். என்னை இன்னும் சேக்கல. இப்பச் சேத்துக்கிடுதேன்."

"உன்னை நீயேவா?" அண்ணாச்சி அதிர்ந்தார். "பொதுக்குழு கூட்ட வேண்டாமா?"

"கூட்டிட்டேன். நான் ஒருத்திதான். ஒருமனதா நிறைவேறிட்டு."

"பொறவு என்ன, தொட வேண்டியதுதானே?"

"இல்ல அண்ணாச்சி. சேத்தாலும் ஒருதடவ வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வந்தாத்தான் உறுப்பினர்னு ஒத்துக்கிடும்."

அருணாசலம் மெச்சிக்கொண்டார். "சரியான ஏற்பாடுவே. நம்ம கட்சியிலயும் அப்படித்தான். வெளிய போயிட்டு வந்தவனுக்குத்தான் பதவி." அன்று எங்கள் இயக்குநர் குழு முழுமையாகப் புரிந்துகொண்ட தொழில்நுட்பம் இது ஒன்றே.

டார்லின் லினக்ஸிலிருந்து வெளியேறி, மறுபடி உள்ளே வந்து, உறுப்பினரானாள். "இப்ப வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறு வைக்கேன்" என்றாள்.

எண்ணைக் கேட்டதும் அண்ணாச்சியின் காது நிமிர்ந்தது. "நிப்பாட்டு. எவ்வளவு?"

"ஒன்பதாயிரத்து அறுநூறு. நான் மாட்டுனப்போ வச்சது. இந்தப் பெட்டிக்கு அதான்."

அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "மெட்ராஸ்காரன் ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து இருநூறு சொன்னான்வே. இவ எடுத்த எடுப்புல ஒன்பதாயிரத்து அறுநூறுல நிக்கா. அப்ப அடக்க விலை எவ்வளவு இருக்கும்? யோசிச்சுப் பாரும்."

"அண்ணாச்சி, அது விலை இல்ல. வேகம். பெட்டி எந்த வேகத்துல பேசுதோ அதே வேகத்துல நாம கேக்கணும். அதுக்குக் காசே கிடையாது."

"விக்கிறவன் எல்லாவனும் முதல்ல இதத்தாம்மா சொல்லுவான். காசு என்ன பெரிய காசுன்னு." அண்ணாச்சி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "எங்கய்யா எனக்குச் சொத்து வைக்கல. ஒரு சொல்லு வச்சிட்டுப் போனாரு. எவன் எத்தனை சொன்னாலும் அதுல பாதி கேளு. நாலாயிரத்து எண்ணூறு. அதுக்கு மேல ஒரு சல்லி ஏறாது."

நானும் கடைக்காரன்தான். ஒரு குடத்தின் விலையை முழுதாகக் கேட்டு வாங்கிப் போனவரை நாங்கள் இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரிப்போம். ஆகவே அண்ணாச்சியின் நியாயம் என் ரத்தத்தில் உடனே ஏறியது. தீர்மானம் எழுதப்பட்டது: 'பெட்டியின் வேகம் நாலாயிரத்து எண்ணூற்றுக்கு மிகாமல் நிர்ணயிக்கப்படுகிறது. சாமர்த்தியமாகப் பேசிச் சங்கத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து நானூறு மிச்சப்படுத்திய தலைவருக்கு இப்பேரவை நன்றி பாராட்டுகிறது.' நான் வழிமொழிந்தேன்.

"பாதி வேகத்துல வச்சா அது பேசுறது நமக்குப் புரியாது அண்ணாச்சி" என்றாள் டார்லின், ஏறக்குறையக் கும்பிட்டு.

"புரியாட்டிப் போவுது. கட்டுப்படியாகணும்லா?"

"தீர்மானத்தை மீறுறதா இருந்தா ஒயரை உருவிரலாம்" என்று செயலாளர் சட்ட நிலையைத் தெளிவுபடுத்தினார்.

டார்லின் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாயிரத்து எண்ணூறு வைத்தாள். திரை நிரம்பியது. கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, ஒடிந்த கோலமாக, நடுநடுவே நசுங்கிய ஈக்கள் போல. ஐந்து இயக்குநர்களும் எட்டிப் பார்த்து ஐந்து விதமாகத் தலையசைத்தோம்.

"சைனாக்காரன் பாஷை" என்றார் அருணாசலம்.

"பெட்டிக்குச் சித்தபிரமை" என்றார் கணேஷ்ராம். "இது தேறாது அண்ணாச்சி. புதுசுதான் வாங்கணும். மூணு விலைப்புள்ளி வாங்கி, பிரிச்சு, ஒப்பிட்டு... ஒரு பத்து நாள். அதுவரைக்கும் பலகை இருக்கட்டும். ஏலத்துக்கு மட்டும் நாளைக்கு மைத்துனர் வந்துருவார்."

மணி நாலே கால். அண்ணாச்சியின் பின்னாலேயே வந்து, எல்லாவற்றையும் கேட்டபடி வாசலோரம் நின்றிருந்த ஜுபைதா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க சந்தையில துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாவ. பாத்திருக்கீயளா?"

"பாத்திருக்கேன். அதுக்கென்ன இப்போ?"

"வித்தவரு அஞ்சு விரலைக் காட்டுதாரு, வாங்குனவரு ரெண்டு விரலைத்தான் பிடிக்காருன்னு வைங்க. யாவாரம் படியுமா?"

"எப்படிப் படியும்?"

"இந்தப் பெட்டி ஒன்பதாயிரத்து அறுநூறுல நிக்கி. நீங்க நாலாயிரத்து எண்ணூறுல நிக்கீய. அதான் அது கோவத்துல கண்டபடி ஏசுது." மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தார். "சங்கத்துத் தீர்மானம் அப்படியே இருக்கட்டும். உங்க பங்கு நாலாயிரத்து எண்ணூறு. மிச்ச நாலாயிரத்து எண்ணூறை நான் போடுதேன்."

டார்லினின் கண்கள் ஒரு கணம் விரிந்து, பிறகு மிகவும் பணிவாயின. "அதுக்கு ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. பீவி பங்கை வேலை முடிஞ்ச பொறவு அவங்ககிட்ட வாங்கிக்கிடுதேன்."

"சங்கத்துக்கு ஒண்ணும் கூடாதே?"

"ஒரு சல்லி கூடாது."

செயலாளர் எழுந்தார். "அண்ணாச்சி, வெளியாள் பங்கு போட விதியில இடமே..."

"சும்மா இரும்வே" என்றார் அண்ணாச்சி. "அடுத்தவங்க காசைப் போட்டு நம்ம வேலை நடக்குன்னா, அதுக்கு எந்த விதிவே குறுக்க நிக்கி? நம்ம சங்கமே அப்படித்தானே ஓடுது!"

டார்லின் எண்ணை மாற்றினாள். ஒரு தட்டு. ஈக்கள் மறைந்தன. வரிகள் தெளிவாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல வந்தன. மின்னல் தாக்கவில்லை. எலி கடிக்கவில்லை. பெட்டிக்கு ஒரு தலைவலி கூட இல்லை. ஒயர் செருகும் ஒவ்வொரு வாசலின் பெயருக்கும் எதிரே ஒரே வாசகம் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப இருந்தது.

"தமிழ்ல சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி.

"'நிர்வாகத்தால் மூடப்பட்டுள்ளது.'" டார்லின் விரலால் தொட்டுக் காட்டினாள். "பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. வேணும்னே ஒவ்வொரு வாசலா உள்ளருந்து சாத்தியிருக்கு. இந்தக் கன்சோல் ஓட்டையை மட்டும் அப்படிச் சாத்த முடியாது. எப்பன்னும் போட்டிருக்கு. திங்கக்கிழமை காலைல, ஆபீஸ் திறக்கதுக்கு முன்னால. யாருன்னும் போட்டிருக்கு."

"யாரு?"

"கணேஷ்ராம்."

நான் டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது.

"இந்த ஊர்ல கணேஷ்ராம்னு எத்தனையோ பேர் இருக்கான்" என்றார் கணேஷ்ராம். டார்லின் திரையை அவர் பக்கம் திருப்பவே, அதைப் படித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆமா, மூடினேன். பாதுகாப்புக்குத்தான். வட்டி கட்டுற வாரம், கண்டவங்க வருவாங்க. வைரஸ் புகுந்துரக் கூடாதுல்லா?"

"பொறவு ஏம்வே சொல்லல?"

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி. மின்னலைக் கேட்டீய. எலியைக் கேட்டீய. கொற்கைக் கடலைக் கேட்டீய. என்னை ஒருத்தரும் கேக்கல."

அண்ணாச்சி சிறிது யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "அப்ப ரிப்பேர் இல்ல. புதுசு வாங்க வேண்டாம். செலவு மிச்சம்." எத்தகைய நெருக்கடியிலும் லாபத்தைக் காணும் இந்தக் கண்தான் அவரைத் தலைவராக்கியது.

மூடியதைத் திறப்பதற்கு அந்தப் பெட்டியின் மொழியில் சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்று டார்லின் விளக்கினாள். செய்த கட்டளைக்கு முன்னால் 'இல்லை' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். 'மூடு' என்றால் மூடும். 'இல்லை மூடு' என்றால் திறக்கும். செய்துவிட்டுப் பிற்பாடு 'இல்லை' என்று சொன்னால் செய்யாததாகிவிடும் என்ற இந்த ஏற்பாட்டை எங்கள் சங்கம் எந்தக் கணினியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துக் கையாண்டு வருகிறது. காப்புரிமை வாங்காமல் விட்டதுதான் பிழை.

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஜுபைதா பீவி கவுண்டரில் பணத்தைக் கட்டினார். ரசீது வந்தது. காப்பும் சங்கிலியும் வந்தன. அவர் அங்கேயே உறையைப் பிரித்து, காப்புகளை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்டு, திருப்தியாகி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என் பங்கு நாலாயிரத்து எண்ணூறு?" என்று டார்லினிடம் கேட்டார்.

"அது காசே இல்ல பீவி. முதல்லருந்தே சொல்லிட்டுத்தான இருக்கேன்."

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் ஜுபைதா பீவி. பிறகு செயலாளரைப் பார்த்தார். "தம்பி, இந்த வாரம் பூராவும் என்கூட வரிசையில நின்னுட்டுத் திரும்பிப் போனாவளே, களக்காட்டுலருந்து, கங்கைகொண்டானுலருந்து, அவங்களுக்கெல்லாம் போனைப் போடுங்க. சிஸ்டம் வந்துட்டுன்னு."

"நம்பர் எல்லாம் சிஸ்டத்துல இருக்கும்மா."

"அதான் வந்துட்டே!"

"இப்பதானே வந்திருக்கு. பைய சூடாகட்டும்."

"அப்ப நானே போய் எனக்குத் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லுதேன்" என்று ஜுபைதா பீவி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். டார்லின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொள்ளப் புறப்பட்டாள். அவர்கள் சந்திப்பிள்ளையார் முக்கைத் தாண்டியிருப்பார்களோ என்னவோ, மணி ஐந்தடித்தது. செயலாளர் பெட்டியின் வாசல்களை மறுபடி மூடினார். இம்முறை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் மூடினார். வெளிப்படையான நிர்வாகம் என்று அண்ணாச்சி அதைப் பாராட்டினார். தொடர்ந்து, சங்க ரகசியங்களை அன்னியர் முன்னிலையில் உளறிய குற்றத்துக்காகக் கன்சோல் ஓட்டையை அரக்கு வைத்து அடைப்பதென்று தீர்மானம் வந்தது. அதையும் நானே வழிமொழிந்தேன்.

சங்கத்தின் நேர்மைமேல் ஐயம் கொள்வோருக்காக அந்த வாரக் கணக்கை இங்கே முறைப்படி தருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை வட்டிப் பணத்தோடு வந்து, பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முப்பத்தேழு பேர். அவர்களில் வெள்ளி மாலை நகையை மீட்டவர் ஒருவர். சனிக்கிழமை காலை ஏலத்தில் மைத்துனர் எடுத்த நகைப் பொட்டலங்கள் முப்பத்தாறு.

கணக்கு நேராகிறது. ஒன்று கூட இடிக்கவில்லை.